மூன்று மஞ்சள்

தளம்
மார்ச் 4

சகலைக்கு,

வாழ்த்துகள். முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். வாழ்த்தக்கூட மனசில்லாதவன் என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது பார்.

திட்ட இயக்குநர் நாற்காலி உனக்குத்தான் என்று நம் மாமனார் வீட்டுக் கூடத்தில் நீ போனை வைத்துவிட்டுச் சொன்னபோது நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாள் பெரியவள். கேட்பதாக இல்லை. அவள் தங்கையைக் கட்டியவன் என்பதால் உனக்குப் பரிந்து பேசுகிறாள். அன்றைக்கே என் போனில் உன் எண்ணைத் தடுத்துவிட்டேன். தடுத்ததை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. மகளிடம் கேட்டால் எதற்குத் தடுத்தீர்கள் என்பாள். அலுவலக மின்னஞ்சலையோ ஐந்து பேர் படிக்கிறார்கள். அதனால் வாரம் ஒருமுறை தலைமையகம் போகும் வண்டியில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்த ஆற்று முகத்துவாரத்தில் முதல் குச்சியை ஊன்றியவன் நான். இந்தத் துறையில் சேர உனக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவனும் நான். இணைப்புகள் என்ற இடத்தில் கல்யாணப் பத்திரிகையை வைக்கப் போனாயே, நினைவிருக்கிறதா? நேர்காணலில் என்னிடம் இங்கே நிற்கும் கடல் தடுப்புக் கதவுகளைப் பற்றிக் கேட்டார்கள். ஒன்றரை மணி நேரம் சொன்னேன். உன்னிடமும் அதையேதான் கேட்டார்களாம். நீ பன்னிரண்டு படம் போட்டுக் காட்டிவிட்டு எழுந்து வந்தாயாம். இங்கே ஆட்கள் உனக்கு ஸ்லைடு சார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் வைக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். புயலில் கடல் ஏறி ஊருக்குள் வராமல் தடுக்கும் பதினோரு கதவுகளும் ஏப்ரல் 18 அன்று அமைச்சர் முன்னால் முதன்முறையாகச் சேர்ந்து இறங்கப் போகின்றன. ஏழாம் கதவையும் அதைத் தூக்கும் தண்டையும் இணைக்கும் இடது முளையில் விரிசல் இருக்கிறது. விரிசலுக்குள் இறங்கும் சிவப்புச் சாயத்தைத் தடவிப் பார்த்ததில் முப்பத்தொரு மில்லிமீட்டர். கதவின் எடை நானூறு டன். இப்போது முட்டுகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. சோதனை நாளில் முட்டுகளை எடுத்துவிட்டால் இரண்டு முளைகளில்தான் தொங்கும். அப்போது அடிக்குழியில் ஆறு பேர் நின்று ரப்பர் விளிம்பு பதிகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே நேற்று ஆபத்துப் பதிவேட்டில் ஏழாம் கதவுக்குச் சிவப்பு போட்டேன். பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் பார்த்துக்கொண்டே போகலாம், சிவப்பு என்றால் நிற்க வேண்டும். உனக்குப் பாடம் எடுப்பதாக நினைக்காதே, கையேட்டை எழுதியவன் சொல்கிறேன். அதே கையேட்டில் இன்னொரு விதியும் இருக்கிறது. சிவப்பைப் போட்டவர் மட்டுமே அதை எடுக்கலாம்.

உன் மூத்த சகலை


தலைமையகம்
மார்ச் 11

மதிப்புக்குரிய தள முதன்மைப் பொறியாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வாழ்த்துக்கு நன்றி. மற்ற வரிகளுக்கு நடுவே அதைத் தேடிப் பிடித்தேன்.

ஏழாம் கதவு குறித்து என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. என் நியமனம் வெளியானது மார்ச் 2. தாங்கள் சிவப்பு போட்டது மார்ச் 3. பிப்ரவரி அறிக்கையில் ஏழாம் கதவு பச்சை. கீழே தங்கள் கையெழுத்து, வழக்கம்போல் வாலை நீட்டி. விடிவதற்குள் இரும்பு கெட்டுவிட்டதா?

இந்தத் திட்டம் ஒன்பது முறை தள்ளிப்போயிருக்கிறது. பத்தாவது முறையும் தள்ளினால் வந்தவுடனேயே சறுக்கினான் என்று மேலே உள்ளவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுகிறவர் யார் என்பது எனக்குத் தெரியும். முளையைச் செய்து கொடுத்த நிறுவனம் தரச் சான்றிதழ் தந்திருக்கிறது. ஆய்வுக் குழுவும் அதைப் பார்த்திருக்கிறது. விஷயத்தை முறைப்படி பரிசீலிக்கிறேன்.

ஸ்லைடு சார் என்ற பெயர் சின்னவளுக்குப் பிடித்திருக்கிறது. நேற்று முழுக்க அப்படித்தான் கூப்பிட்டாள். தங்களுக்கு ஆட்கள் வைத்திருக்கும் பெயர் ரசமட்டம் என்பதையும் நான் அறிவேன். அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி இப்போது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தாங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திட்ட இயக்குநர்


தளம்
மார்ச் 18

இயக்குநர் அவர்களுக்கு,

நீ போட்ட 'அவர்கள்' எனக்கும் போடத் தெரியும்.

புதிய பதிவேடு வந்தது. ஏழாம் கதவுக்கு எதிரே என் சிவப்பைக் காணோம். அந்த இடத்தில் மூன்று மஞ்சள் இருக்கிறது. முதலாவது, முளையின் மேற்பரப்பில் ஓர் அடையாளம். இரண்டாவது, மாற்று முளை வந்து சேரத் தாமதம். மூன்றாவது, பரிசோதனை முறையில் கருத்து வேறுபாடு. விரிசல் என்ற சொல்லையே எங்கும் காணவில்லை. கருத்து வேறுபாடு என்பது நான்தான் போலிருக்கிறது.

கெட்டிக்காரன்தான் நீ, ஒப்புக்கொள்கிறேன். போட்டவர் மட்டுமே எடுக்கலாம் என்று எழுதினேன். பிரிக்கக் கூடாது என்று எழுதவில்லை. நீ எடுக்கவில்லை, பிரித்துவிட்டாய். மூன்று மஞ்சளும் 'பார்த்துக்கொண்டே போகலாம்' என்கின்றன. ஆறு பேர் அடிக்குழியில் நின்று மேலே பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. நன்றாகவே எரிகிறது. உனக்கு ஒன்பதாவது மாடியில் அறை, ஜன்னலைத் திறந்தால் நகரம் முழுக்கத் தெரியுமாம். என் அறைக்கு ஜன்னல் என்று ஒன்று இருக்கிறது, திறந்தால் சிமென்ட் மூட்டை தெரியும். பெரியவள் சாப்பாடு போடும்போது, "உங்க சகலைக்கு வாசல்ல கார் வந்து நிக்குதாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அதுவே போதும், சோறு இறங்குவதில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் என் வயிற்றெரிச்சலால் இரும்பில் விரிசல் விடாது. இரண்டையும் தனித்தனியாகப் பார்.

என் சிவப்பைத் திருப்பிக் கொடு.

ரசமட்டம்


தலைமையகம்
மார்ச் 25

சகலைக்கு,

கோபமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். பாதியில் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

முளை செய்த நிறுவனம் சொல்வது இதுதான்: அது விரிசல் கிடையாது, உருக்கும்போதே விழுந்த தழும்பு, நூறு வருஷம் ஆனாலும் வளராது. நீங்கள் வளரும் விரிசல் என்கிறீர்கள். ஆய்வுக் குழுத் தலைவர் என்னைப் பார்த்து, "தம்பி, ரெண்டு தேதியில எடுத்த ரெண்டு அளவு இருந்தா காட்டுங்க. நான் இன்னிக்கே சிவப்புன்னு எழுதித் தரேன்" என்றார். என்னிடம் இருப்பது ஒரு அளவுதான், மார்ச் 3-ம் தேதி முப்பத்தொன்று. இனிமேல் எடுப்பதிலும் பயனில்லை. கதவு முட்டுகளின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது முளையில் எடை ஏறாது, விரிசல் வளராது. எடை ஏறியது பிப்ரவரியில், அந்தக் கதவைத் தனியாக மூன்று முறை தூக்கி இறக்கினீர்களே, அப்போது மட்டும்தான்.

அதற்காகக் கிடங்குச் சீட்டுகளை வரவழைத்துப் பார்த்தேன். ஜனவரி 19-ம் தேதி நீங்கள் ஒரு புட்டி சாயம் வாங்கியிருக்கிறீர்கள். எந்தக் கதவுக்கு என்று சீட்டில் இல்லை. கையெழுத்து மட்டும் வாலை நீட்டி இருக்கிறது.

ஜனவரியில் எதைப் பார்த்தீர்கள்? பார்த்தீர்கள் என்றால் ஜனவரி அறிக்கையும் பிப்ரவரி அறிக்கையும் ஏன் பச்சை? எதையும் பார்க்கவில்லை என்றால் உங்கள் சிவப்பு வெறும் புகைச்சல் என்று எல்லோரும் சொல்வதை நானும் நம்ப வேண்டியிருக்கும். பதினாறு வருஷமாக உங்களைத் தெரியும். நம்பப் பிடிக்கவில்லை.

இளைய சகலை


தளம்
ஏப்ரல் 1

சகலைக்கு,

சாயம் மூன்றாம் கதவுக்கு வாங்கியது. வழக்கமான பரிசோதனை. அதில் ஒன்றும் இல்லை.

சீட்டைத் தோண்டிப் பார்த்து என்னை விசாரிக்கிற அளவுக்கு நீ வளர்ந்துவிட்டாய். சந்தோஷம். எனக்கு ஒரு முளை போதும், அதை ஒழுங்காகப் பார்க்கத் தெரியும். உனக்குக் காகிதம் வேண்டும். அந்த நாற்காலிக்கு எது வேண்டுமோ அது உன்னிடம் இருக்கிறது, அதனால்தான் உனக்குக் கொடுத்தார்கள்.

அடிக்குழியில் நிற்கும் ஆறு பேரின் பட்டியல் வந்திருக்கிறது. நான் கையெழுத்துப் போட வேண்டும். இன்னும் போடவில்லை. வேறு வேலை இருக்கிறது.

ரசமட்டம்


தளம்
ஏப்ரல் 8

சகலைக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். போன வாரம் எழுதியது பொய். சாயம் ஏழாம் கதவுக்குத்தான்.

நேற்று மேஸ்திரி வந்தான். எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பானே, ஆட்களும் அவனை மெதுவா என்றே கூப்பிடுவார்களே, அவன்தான். பட்டியலில் முதல் ஆள் அவன். மேசையோரம் நின்று கேட்டான், "சார், ஏழாவதுல ஏதோ கோடு இருக்குன்னு பசங்க பேசிக்கிறாங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. நீங்க கையெழுத்துப் போட்டா நாங்க இறங்குறோம். பிப்ரவரியிலயும் நீங்க போட்டீங்க, இறங்குனோம்."

குத்திக் காட்டவில்லை அவன். நம்பிக்கையோடுதான் சொன்னான்.

ஜனவரி 19-ல் அந்த விரிசல் ஒன்பது மில்லிமீட்டர். நேர்காணல் ஜனவரி 27. தன் தளத்திலேயே சிவப்பை வைத்துக்கொண்டு வருகிறவனுக்கு யார் இயக்குநர் பதவி கொடுப்பார்கள்? அதுவும் எதிரே நீ நிற்கும்போது? ஒன்பது மில்லிதானே, நாற்காலியில் உட்கார்ந்த அன்றைக்கே நானே சிவப்பு போட்டு நானே நிறுத்துவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சை போட்டேன். பிப்ரவரியிலும் பச்சை. அந்த மாதம் மூன்று முறை கதவைத் தூக்கி இறக்கினோம். மூன்று முறையும் கீழே ஆறு பேர் நின்றார்கள். மூன்று முறையும் நான் மேலே நின்று கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதற்கு அப்படிப் பிடித்தேன் என்பது எனக்குத் தெரியும்.

மார்ச் 2-ல் உன் பெயர் வந்தது. மறுநாள் காலையில் மறுபடி சாயம் தடவினேன். முப்பத்தொன்று. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'மாட்டினான் சகலை' என்றுதான் வந்தது. பயம் அதற்குப் பிறகு வந்தது. எவ்வளவு நேரம் கழித்து என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆகவே நீ சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. உன்மேல் இருந்த பொறாமையில்தான் அன்றைக்குச் சிவப்பு போட்டேன். அதே பொறாமையில்தான் அதற்கு முன்னால் பச்சை போட்டிருந்தேன்.

உன் ஆய்வுக் குழுத் தலைவருக்கு இரண்டாவது அளவு வேண்டும் அல்லவா? முளையின் முகத்தில், விரிசலின் இரண்டு முனைகளிலும் ஜனவரி 19 அன்றே கூர் உளியால் புள்ளி குத்தி வைத்திருக்கிறேன். பக்கத்தில் தேதியும் இருக்கிறது. மேலே கிரீஸ் பூசி மறைத்தேன். துடைத்தால் தெரியும். விரிசல் இரண்டு புள்ளிகளையும் தாண்டிப் போயிருக்கிறது. உருக்கும்போது விழுந்த தழும்பு அப்படி நடந்து போகாது.

இந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர். சகலை என்று பார்க்காதே. ஆறு பேர் பட்டியலை உறைக்குள் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

ரசமட்டம்


தலைமையகம்
ஏப்ரல் 13

அண்ணே,

விசாரணைக்கென்று உங்களை இங்கே வரவழைத்த அன்றைக்கு நான் அங்கே போயிருந்தேன். வேண்டுமென்றேதான் அந்தத் தேதி போட்டேன். நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது அந்த முளையைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

மெதுவா என்னை மேலே கூட்டிப் போனார். கிரீஸைத் துடைத்துவிட்டு, "தெரியுதா சார்?" என்றார். தெரியவில்லை. டார்ச் அடித்தார். அப்போதும் தெரியவில்லை. சாயம் தடவிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்ட பிறகுதான் தெரிந்தது. உங்கள் இரண்டு புள்ளிகள், அவற்றுக்கு வெளியே இரண்டு பக்கமும் ஓடியிருக்கும் சிவப்புக் கோடு. கையை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. நான் தனியாக வந்திருந்தால் நல்ல முளை என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கியிருப்பேன்.

18-ம் தேதி விழாவை நிறுத்திவிட்டேன். அமைச்சர் அலுவலகத்தில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். அதே நாளில் ஆள் இல்லாமல், குழியைக் காலி செய்துவிட்டு, ஏழாம் கதவை மட்டும் முளைகளில் தொங்கவிட்டுப் பார்க்கப் போகிறோம்.

உங்கள் கடிதத்தைக் கோப்பில் சேர்த்தேன். அதன்கீழ் என் கடிதம் ஒன்றையும் சேர்த்தேன். ஒரு சிவப்பை மூன்று மஞ்சளாகப் பிரித்தது யோசித்துச் செய்த காரியம், வேறு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, விரிசல் என்ற சொல்லை அடித்தது என் பேனா என்று எழுதியிருக்கிறேன். பிரிக்கும்போது எனக்குள் இருந்தது சோதனைத் தேதி பற்றிய கவலை மட்டும் இல்லை. அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். இது கோப்பில் இல்லை.

மாமனார் வீட்டில் எந்தக் கதவு கிறீச்சிட்டாலும், எந்தத் தாழ்ப்பாள் சிக்கினாலும், "பெரிய மாப்பிள்ளை வரட்டும்" என்பார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நானும் பொறியாளர்தான். பதினாறு வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு கதவைத் தொட என்னை விட்டதில்லை. நீங்கள் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு திருகாணியை அரைச் சுற்றுச் சுற்றுவீர்கள், சரியாகிவிடும். சின்னவள் கைதட்டுவாள். அந்தக் காதும் கண்ணும் எனக்கு இல்லை என்று தெரிந்ததால்தான் படம் போட்டுக் காட்டப் பழகினேன். உங்கள் சிவப்பு வந்த அன்றைக்கு, இங்கேயும் பெரிய மாப்பிள்ளை வரட்டுமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

தளத்திலிருந்து உங்களை மாற்றும் உத்தரவு வருகிறது. கையெழுத்துப் போட்டவன் நான். போடாமல் இருக்க வழி தேடினேன், கிடைக்கவில்லை.

உங்கள் தம்பி


வீடு
மே 2

சகலைக்கு,

மாற்றல் உத்தரவு வந்தது. ஆவணக் கிடங்கில் மேசை போட்டிருக்கிறார்கள். இங்கேயும் ஜன்னல் இருக்கிறது, திறந்தால் அலமாரி தெரிகிறது. விசாரணை முடியும்வரை பழைய திட்டங்களின் பதிவேடுகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். உன்மேல் வருத்தமில்லை. நீ கையெழுத்துப் போட்டிராவிட்டால்தான் உன்னை மட்டமாக நினைத்திருப்பேன்.

18-ம் தேதி நடந்ததை மெதுவா வீட்டுக்கே வந்து சொன்னான். முட்டுகளை எடுத்து எடை ஏற்றியிருக்கிறார்கள். முக்கால் எடைகூட ஏறவில்லை, இடது முளை இரண்டாக உடைந்து கதவு குழியில் சரிந்துவிட்டதாம். "சத்தம் அடங்க ரொம்ப நேரம் ஆச்சு சார். நாங்க ஆறு பேரும் கரையில நின்னு பாத்துக்கிட்டிருந்தோம்." என்றான். காபி கொடுத்தாள் பெரியவள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தான். பிப்ரவரியில் எனக்குத் தெரியும் என்பதை அவனிடம் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தான். "வரேன் சார்" என்று எழுந்து போனான். வழக்கமாகப் படியில் திரும்பிப் பார்ப்பான், அன்றைக்குப் பார்க்கவில்லை.

பெரியவள் செய்தித்தாளை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். உடைந்த முளைக்குப் பக்கத்தில் நீ. மேலே, 'துணிந்து நிறுத்திய இயக்குநர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தலைக்கவசம் உனக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. அந்த முளையில் நான் குத்திய புள்ளி ஒன்று படத்தில் தெரிகிறது, தெரிந்தவனுக்கு மட்டும். எனக்கு எப்படி எரிந்தது என்கிறாய்? ஆறு பேர் உயிரோடு இருக்கிறார்கள், அதற்காகச் சந்தோஷப்பட வேண்டிய நேரம். சந்தோஷமும் இருந்தது. பக்கத்திலேயே அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும் என்ற நினைப்பும் இருந்தது. நின்றிருக்கலாம், ஜனவரியில் ஒரு நிறத்தை மாற்றிப் போட்டிருந்தால். இது புரிந்தபின் இன்னும் அதிகமாக எரிந்தது.

கையேட்டில் ஒரு விதியைக் கூட்டி எழுதியிருக்கிறேன், உறைக்குள் இருக்கிறது. சிவப்பைப் பிரிக்கக் கூடாது. உனக்குப் பிடித்திருந்தால் சேர்த்துக்கொள். மகளிடம் கேட்டு உன் எண்ணைத் திறந்துவிட்டேன். சிரித்தாள். ஆனாலும் நீ கூப்பிடாதே, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். மாமனார் வீட்டுப் பின்கட்டுக் கதவு மறுபடி சிக்குகிறதாம். எனக்கு வேலை இருக்கிறது, சின்ன மாப்பிள்ளையைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மேல் கீலில்தான் கோளாறு. அரைச் சுற்று போதும்.

என் நிலவரம் கேட்டிருந்தாய் என்று சின்னவள் பெரியவளிடம் சொன்னாளாம். உடம்பு பச்சை. வேலை மஞ்சள். உன்மேல் பொறாமை, சிவப்பு. அதைப் பிரித்து மூன்று மஞ்சளாக்கி எனக்கு ஆறுதல் சொல்ல வராதே. போட்டவன் நான். எடுக்கிற அன்றைக்கு நானே வந்து சொல்கிறேன்.

ரசமட்டம்